இரண்டாம் பந்தி, எட்டேகால் மணி

எங்களுக்கு இரண்டாம் பந்தி என்று அறைக்கதவில் செருகியிருந்த அட்டை சொன்னது. நேரம் எட்டேகால். நான் அதை மூன்று முறை படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் எண்ணில் எனக்குத் தவறு வராது.

"வால்டா, இது நம்ம அட்டை இல்ல. வேற யாரோடதையோ நம்ம கதவுல சொருகிட்டாங்க."

"மெர்வ், வால்டான்னு பேரு போட்டிருக்கே. கப்பல்ல எத்தன மெர்வ் இருக்கப் போறான்?"

"எட்டேகாலுக்கு நான் ரெண்டாவது கனவுல இருப்பேன்மா."

ஆஸ்திரேலியாவில் டப்போ ஊரில் முப்பத்தெட்டு வருடம் தார்ச்சாலை போட்டவன் நான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் வெயில் ஏறுமுன் பாதி வேலை முடியும். சாயங்காலம் ஐந்தரைக்குச் சாப்பாடு. ஆட்டுக்கறி, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. எட்டு அடிக்கும்போது நான் எங்கே இருந்தாலும் தூங்கிவிடுவேன். வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. என் உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எங்கள் மகளின் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டுகிறார்கள். பின்னால் மேசைவிரிப்பின் மேல் ஒரு வழுக்கை மண்டை கிடக்கிறது. அது என்னுடையது. வால்டா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற விருந்திலும் அதே மண்டை. அவளுடைய அறுபதாவது பிறந்தநாளிலும் அதேதான், அன்று மட்டும் சூப்புக்கு ரொம்பப் பக்கத்தில்.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவள் கப்பல் என்றாள். சிட்னியில் ஏறி, பசிபிக் தீவுகளில் நுமியா, சுவா போய்த் திரும்பும் கப்பல். அதில் ஒரு ராத்திரி பெரிய விருந்து நடக்குமாம். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பரிமாறுகிறவர்கள் எரியும் இனிப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வருவார்களாம். சாப்பிடுகிறவர்கள் மடியில் இருக்கும் துணியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஆடுவார்களாம்.

"அந்த ஒரு ராத்திரி நீ முழிச்சிருந்து எங்கூட ஆடணும். வேற ஒண்ணும் கேக்கல," என்றாள்.

சரி என்று சொல்லியிருந்தேன்.

ஏறின கையோடு இவிட்சாவிடம் போய் நின்றேன். சாப்பாட்டுக் கூடம் முழுவதும் அவர் பொறுப்பு. குரோவேஷியாக்காரர், நல்ல உயரம், கறுப்புக் கோட்டு. முதல் பந்திக்கு மாற்றித் தரச் சொன்னேன்.

"முதல் பந்தி அஞ்சே முக்காலுக்கு சார். இந்தக் கப்பல்ல அறுபது தாண்டினவங்க எல்லாருக்கும் அதுதான் வேணும். உங்களுக்கு முன்னால நாப்பத்தாறு பேர் பேரு குடுத்திருக்காங்க."

"நாப்பத்தாறா?"

"நாப்பத்தேழாவதா உங்களையும் எழுதிக்கிறேன்."

முதல் ராத்திரி எங்களுக்கு ஒதுக்கிய வட்ட மேசையில் ஐந்து பேர். மெல்போர்னில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் தனாசி, அவர் மனைவி வூலா, என் வலது பக்கம் வினிஃப்ரெட் அம்மாள், அப்புறம் நாங்கள் இருவர். வினிஃப்ரெட் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். இது அவருக்குப் பதினோராவது கப்பல் பயணம். முதுகு நாற்காலியில் படாமல் உட்காருவார். ஜோனெல் என்ற பிலிப்பைன்ஸ் இளைஞர் வந்து துணியை விரித்து என் மடியில் போட்டார். முடிவெட்டப் போகிறாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

என் தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து கத்தி, முள், கரண்டி என்று ஒன்பது ஆயுதங்கள் கிடந்தன.

"வெளியில இருந்து உள்ள போகணும்," என்றார் வினிஃப்ரெட் மெதுவாக. "எல்லாருக்கும் தட்டு வந்தப்புறம்தான் தொடணும்."

வெளியே இருந்து உள்ளே போவது எனக்குச் சுலபமாக வந்தது. காத்திருப்பதுதான் ஆகவில்லை. ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு, எல்லாருக்கும் சூப்பு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அடியில் கப்பல் தொட்டில்போல ஆடியது. அடுத்து எனக்கு நினைவில் இருப்பது வால்டாவின் முழங்கை. தனாசி சொல்லிக்கொண்டிருந்தார்:

"எழுப்பாதீங்க தங்கச்சி. நம்ம மாப்ள குறட்டை விடுறதுல ஒரு தாளம் இருக்கு."

அவரைவிட நான் நாலு வயது மூத்தவன். ஆனாலும் அன்றிலிருந்து நான் அவருக்கு மாப்பிள்ளைதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் தூங்கி வைத்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். வெளிச்சத்தில் என் கண் மூடாது. ஐந்தரைக்கு வயிறு கத்தியது. மேல் தளத்தில் எப்போதும் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி பலகாரம் பரப்பியிருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் போய், மாவுக்குள் கறி சுருட்டிச் சுட்ட கறிக்குழல் நாலு தின்றேன். எட்டேகாலுக்கு மறுபடி ஒரு சாப்பாடு. அன்றைக்கு சூப்புகூட வரவில்லை, ரொட்டியோடு முடிந்தது.

அறைக்குத் திரும்பும் வழியில் வால்டா எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கறிக்குழல் வாசம் வருது உம்மேல," என்று மட்டும் சொன்னாள்.

தலையணையின் மேல் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. மற்றவர்கள் அதைப் பார்க்காமலே கசக்கிப் போடுவார்கள். கையில் எழுத்துக் கிடைத்தால் விடமாட்டேன் நான், சோப்பு உறையைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவேன். இன்று இரவு கப்பலின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும் என்று இருந்தது. கிழக்கே போகிறோம் அல்லவா. வால்டா தன் கடிகாரத்தைத் திருகினாள். என்னுடையது பழையது, திருகும் குமிழ் தார் பட்டுக் கெட்டியாகிவிட்டது. அப்படியே விட்டேன்.

மூன்றாம் ராத்திரி ஒரு அதிசயம் நடந்தது. சூப்பைக் குடித்தேன். மீனைத் தின்றேன். கறியும் வந்தது, நான் விழித்தேதான் இருந்தேன். ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவும்போது வினிஃப்ரெட் அம்மாள் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. ரொட்டித் தட்டு எப்பவும் இடது பக்கம் இருக்கும். மூணு நாளா நீங்க என்னோடதைச் சாப்பிடுறீங்க."

"வலது பக்கம் இருக்கே இது!"

"அதனாலதான் சொல்றேன். அது என்னோடது."

வட்ட மேசையில் ஒருவன் தவறினால் எல்லாரும் தவறுவார்கள். நான் அவருடையதைத் தின்றதால் இவ்வளவு நாள் அவர் ரொட்டியே இல்லாமல் இருந்திருக்கிறார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அது நாகரிகம் இல்ல," என்றார். "ஆனா இன்னைக்கு எனக்கு ரொம்பப் பசி."

தனாசி சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வினிஃப்ரெட்டின் முதுகு அன்றுதான் முதல்முறையாக நாற்காலியைத் தொட்டது. இனிப்பு வருவதற்குள் நான் தூங்கிப் போய்விட்டேன் என்பது வேறு விஷயம்.

படுக்கையில் கிடந்து யோசித்தேன். எப்படிக் கறி வரைக்கும் தாங்கினேன்? கையைப் பார்த்தேன். என் கடிகாரத்தில் சிட்னி நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலில் எட்டேகால் அடிக்கும்போது அதில் ஏழேகால். என் உடம்பும் அந்தக் கடிகாரத்தைப் போலத்தான், யார் திருகியும் அசையாது. கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால் இரண்டாம் பந்தி ஆறேகாலுக்கு வந்துவிடும். அது கிட்டத்தட்ட என் சாப்பாட்டு நேரம்! சுவாவுக்கு முந்தின ராத்திரி மறுபடி கடிகாரம் தள்ளுவார்கள் என்று ஜோனெல் சொன்னார். பெரிய விருந்தோ சுவாவை விட்டுக் கிளம்பும் அன்றைக்கு.

வால்டாவிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தூங்கினால் அது இன்னும் மோசம்.

சுவாவில் நாள் முழுக்க சந்தையில் சுற்றிவிட்டு அறைக்கு வந்தோம். பெட்டியில் இருந்து என் கோட்டை எடுத்தேன். சாவு வீட்டுக்கு மட்டும் போடுகிற கோட்டு அது. பையில், என்னோடு சாலை ரோலர் ஓட்டின பெர்சியின் இறுதிச் சடங்குத் தாளும் ஒரு மிட்டாயும் இருந்தன. மிட்டாயை வாயில் போட்டேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. இவிட்சாவே வந்திருந்தார்.

"நல்ல செய்தி சார். முதல் பந்தியில எடம் காலி. கேட்டவங்க பாதிப்பேர் மனசு மாத்திக்கிட்டாங்க, மீதிப்பேருக்குக் குடுத்தாச்சு. இன்னைக்கு அஞ்சே முக்காலுக்கு ரெண்டு பேருக்கான மேசை, ஜன்னலோரம். எரியிற இனிப்பு அந்தப் பந்திக்கும் உண்டு."

வால்டா கையைத் தட்டினாள். "அப்பாடா! மெர்வ், கேட்டியா? நீ முழிச்சிருப்பே!"

தட்டின கை அப்படியே மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வினிஃப்ரெட் பக்கத்துல ரெண்டு நாற்காலி காலியா இருக்கும். வூலா இன்னைக்கு எனக்கு எப்படி ஆடுறதுன்னு சொல்லித் தர்றேன்னா." துணிக்கடை பொம்மைபோல நேராக உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். "பரவாயில்ல விடு. ரெண்டு பேர் மேசைதான் நல்லது. நாப்பது வருசமா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான சாப்பிடுறேன், இன்னொரு நாள் பாத்தா என்ன."

முதல் பந்திக்குப் போனால் என் கடிகாரத்தில் மூன்றே முக்கால். நான் தூங்கவே முடியாது. ஒரு ஆபத்தும் இல்லை. இரண்டாம் பந்தி என்றால் ஆறேகால், அதுவும் என் கணக்குச் சரியாக இருந்தால்.

இவிட்சா பதிலுக்குக் காத்திருந்தார்.

"வேணாங்க," என்றேன். "அந்த எடத்தை எனக்குப் பின்னால இருக்கிறவருக்குக் குடுத்துருங்க."

"சார், நீங்கதான அன்னைக்கு அப்படிக் கெஞ்சினீங்க!"

"கெஞ்சினேன். இப்ப வேணாங்கிறேன்."

அவர் போனதும் வால்டா எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "யோவ், உனக்கென்ன பைத்தியமா? எட்டேகாலுக்கு எப்படி முழிச்சிருப்பே?"

கடிகாரத்தை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். அவள் தன்னுடையதைப் பார்த்தாள், என்னுடையதைப் பார்த்தாள், மறுபடி தன்னுடையதைப் பார்த்தாள்.

"இத எப்பக் கண்டுபிடிச்சே?"

"மூணு நாளாச்சு."

"எங்கிட்ட வாயே தெறக்கல நீ. திருட்டுப் பயலே!" என்றாள். கோட்டின் காலரை இழுத்து நேராக்கிவிட்டாள்.

அன்று சூப்பு, மீன், கறி எல்லாம் வந்து போயின. தனாசி தன் கடையில் ஒரு கடற்பறவை வாடிக்கையாளர் தலையில் இருந்த மீனைத் தூக்கின கதையைச் சொன்னார். தலையில் மீன் எப்படி வந்தது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. என் கண்ணில் தூக்கமே இல்லை. பிறகு விளக்கை அணைத்தார்கள்.

இருட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நானூறு பேர் இருக்கும் கூடம் ஒரே கறுப்பு. கப்பல் ஆடியது. இமை இரண்டும் தார் ஒட்டினாற்போல இறங்கின. வால்டா வாசல் பக்கம் திரும்பி, துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

என் தொடையில் சுருக்கென்று எதுவோ குத்தியது.

"மீன் முள்கரண்டி," என்று காதருகே வினிஃப்ரெட்டின் குரல் வந்தது. "வெளிய சொல்லிராதீங்க. நாகரிகம் இல்ல."

அதற்குள் கதவு திறந்தது. மேளம் முழங்கியது. ஜோனெல் முன்னால் வர, ஒவ்வொருவர் தோளில் தாங்கிய தட்டிலும் நீல நெருப்பு நடனமாடியது. நானூறு துணிகள் காற்றில் சுழன்றன. தனாசி, வூலாவின் இடுப்பைப் பிடித்தார், வூலா வால்டாவின் இடுப்பைப் பிடித்தாள், வால்டா என் கையைப் பிடித்து இழுத்தாள். சாவு வீட்டுக் கோட்டோடு நான் ஆடினேன். எப்படி ஆடினேன் என்று கேட்காதீர்கள். ரோலர் ஓடுகிற மாதிரி முன்னும் பின்னும் போய் வந்தேன். ஒரு தூணைச் சுற்றித் திரும்பும்போது பார்த்தால், எங்கள் வரிசையின் வாலில் வினிஃப்ரெட் அம்மாள் இரண்டு கையிலும் இரண்டு துணியோடு வந்துகொண்டிருந்தார். அதில் ஒன்று என்னுடையது.

"முழிச்சிருக்கியா?" என்று வால்டா கத்தினாள்.

"முழிச்சிருக்கேன்!"

"இன்னொரு தடவ சொல்லு!"

"முழிச்சிருக்கேன்டி!"

அவள் முகத்தில் நெருப்பின் வெளிச்சம். நாற்பது வருடமாக எட்டு மணிக்குமேல் அந்த முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

திரும்பும் வழியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள், ஒரு முறை, மறுபடி ஒரு முறை. இரண்டாம் பந்தி என்னைவிட்டு விலகி எட்டேகாலுக்கே போய்விட்டது. கடைசி ராத்திரி சூப்பு வருமுன்பே நான் தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை. வால்டா என் தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்திருந்தாள்.

கண் விழித்தபோது என் இடது பக்கத் தட்டில் ரொட்டி இல்லை. வினிஃப்ரெட் அம்மாள் விரலில் ஒட்டிய வெண்ணெயை நக்கிக்கொண்டிருந்தார்.

"அது என்னோடது," என்றேன்.

"தெரியும்," என்றார். "எனக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."