பத்து நாள் பொறுக்காத அப்பா

என் அப்பாவுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை வைத்திருக்கிற மனுஷன் எப்படிச் சும்மா இருப்பார்? ஒரு டீயை ஆற்றி முடிப்பதற்குள் வந்தவருடைய ஊர், தொழில், பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார். விசாரித்த கையோடு என்னையும் இழுத்துவிடுவார். "எம் பொண்ணு மணிமொழிங்க. பல் டாக்டருக்குப் படிக்கப் போவுது." அப்போது நான் பதினொன்றாம் வகுப்பில்தான் இருந்தேன். இராமலிங்கம் மகள் டாக்டர் ஆகிவிட்டாளா என்று சுற்ற வந்தவர்கள் அடுத்த பௌர்ணமிக்கே கேட்பார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வரும்.

அந்த வாய்தான் ராஜா அண்ணனுடைய கம்ப்யூட்டர் சென்டரிலும் திறந்தது.

நீட் முடிவு வந்திருந்தது. பல் மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் அந்த சென்டருக்கு அப்பாவும் நானும் போயிருந்தோம். அப்பா சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. என்னவோ அன்றைக்கே காலேஜில் கொண்டுபோய் விடப்போவதுபோல. என் மார்க்கைப் பார்த்துவிட்டு ராஜா அண்ணன் சிரித்தார்.

"நல்ல மார்க்குதான். கவர்மெண்டு ஸ்கூல் ஒதுக்கீட்டுல போட்டா பல் டாக்டர் சீட்டு தாராளமா கெடைக்கும். போட்டுடலாங்களா?"

"போடுங்க தம்பி, போடுங்க. பாப்பா ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் கவர்மெண்டு ஸ்கூல்தான்."

"பதினொண்ணு, பன்னெண்டு?"

"அது மட்டும் பிரைவேட்டுங்க. வேங்கிக்கால்ல. டை, ஷூ எல்லாம் போட்டுக்கினுதான் போவும். ரெண்டு மாட்ட வித்துச் சேத்தேனே!" அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

ராஜா அண்ணனின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

"அப்ப இது வராதுங்களே. ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் முழுசா கவர்மெண்டு ஸ்கூலா இருக்கணும்."

"அஞ்சு வருஷம் படிச்சிருக்குதே தம்பி? ரெண்டு வருஷம்தானே கம்மி?"

"ஒரு வருஷம் கம்மியா இருந்தாலும் வராதுண்ணே."

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலும் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் நின்றிருந்தால் நான் முன்னால் இருந்திருப்பேன். பொது வரிசையில் நான் எங்கேயோ கடைசியில். உனக்கு இதெல்லாம் முன்னாலேயே தெரியாதா என்று கேட்பீர்கள். கேள்விப்பட்டிருந்தேன். ஐந்து வருஷம் படித்ததையாவது கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று வீட்டில் எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தோம். பிரைவேட் ஸ்கூலில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்து அவர்களுக்கு ஆவதென்ன?

எல்லாம் பத்தாம் வகுப்பு மார்க்கால் வந்த வினை. எனக்குக் கணக்கு வராது. பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட்டது, அதையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் சமூக அறிவியலிலும் மார்க் குறைந்தது. எங்கள் அரசுப் பள்ளியில் மார்க் வரிசைப்படிதான் பயாலஜி குரூப் கொடுப்பார்கள். ஒட்டிய பட்டியலில் என் பெயர் இல்லை. எங்கள் தெரு சினேகாவின் பெயரும் இல்லை. அவள் என்னைவிடக் கம்மி. "பத்து நாள் பொறுங்க. மார்க் ஜாஸ்தி வாங்கின பசங்க ஹாஸ்டல் ஸ்கூலுக்குப் போயிடுவாங்க, சீட்டு காலியாவும்" என்று ரேவதி டீச்சர் சொன்னார். சினேகாவின் அப்பா கண்ணாயிரம் சரிங்க டீச்சர் என்று போய்விட்டார். என் அப்பாவால் முடியவில்லை. பயாலஜி படிக்கப்போகிறாள், பல் டாக்டர் ஆகப்போகிறாள் என்று அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாரே. "எம் பொண்ணு எவங்கிட்டயும் கை கட்டிக்கினு நிக்க வேணாம்" என்று மறுநாளே மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பல் டாக்டர் ஆசை மட்டும் என்னுடையது. அதை அப்பா எனக்கு ஊட்டவில்லை. எட்டாவது படிக்கும்போது ஸ்கூலுக்குப் பல் மருத்துவ முகாம் வந்தது. வந்திருந்த டாக்டரம்மா அந்தக் குட்டிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, சினேகாவின் வாயைப் பார்க்கச் சொன்னார். கடைவாய்ப் பல்லில் கடுகுபோல ஒரு கறுப்புப் புள்ளி. கண்டுபிடித்தது நான்தான்! அன்றிலிருந்து கடைக்கு யார் வந்து சிரித்தாலும் நான் பல்லைத்தான் பார்ப்பேன். பொறையைக் கடிக்காமல் டீயில் ஊறவைத்துத் தின்கிறவர்களைப் பார்த்தால், ஒரு நிமிஷம் வாயைத் திறங்க என்று கேட்க நாக்கு துடிக்கும்.

கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து வந்த அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. வந்தவர்களிடம் ஊர்கூட விசாரிக்கவில்லை. அம்மா பயந்துபோய்விட்டாள். மூன்றாம் நாள் காலையில் டி.வி.எஸ்.ஸைத் துடைத்து நிறுத்திவிட்டு, "வாமா, ஸ்கூலுக்குப் போய்ட்டு வரலாம்" என்றார்.

"எந்த ஸ்கூலுக்கு?"

"நம்ம ஸ்கூலுக்குதான்."

எதற்கென்று சொல்லவில்லை. ஏதோ சர்டிபிகேட் வாங்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

ரேவதி டீச்சர் வகுப்பை முடித்துவிட்டு வராண்டாவுக்கு வந்தார். கையில் சாக்பீஸ் தூள். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"டீச்சர், பாப்பாவ மறுபடியும் பதினொண்ணாவது சேத்துக்குங்க. ரெண்டு வருஷம் இங்கயே படிக்கட்டும். அப்பால கவர்மெண்டு ஸ்கூல் கணக்குல வந்துடும் இல்லீங்களா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பன்னிரண்டாவது பாஸ் செய்து, நீட்டும் எழுதி முடித்தவளைத் திரும்பவும் இரட்டைச் சடை போட்டு முதல் பெஞ்சில் உட்காரவைக்கப் பார்க்கிறார்! டீச்சர் சிரிக்கவில்லை.

"பாஸ் பண்ணின பொண்ண மறுபடியும் சேக்க முடியாதுங்க. சேத்தாலும் அந்தக் கணக்குல வராது." கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். "நான் அப்பவே உங்களுக்குப் போன் பண்ணேனேங்க. பத்து நாள்ல சீட்டு காலியாச்சு, மணிமொழிய கூட்டிக்கினு வாங்கன்னு சொன்னேன். நீங்கதான் 'உங்க சீட்ட நீங்களே வெச்சிக்கோங்க டீச்சர், எம் பொண்ணு பெரிய ஸ்கூல்ல சேந்துட்டா'ன்னு வெச்சிட்டீங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டீச்சருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் வந்த விஷயம் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அப்போது நான் பிரைவேட் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்திருக்கலாம். டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன்.

வண்டியில் ஏறினதும் ஆரம்பித்தேன். செங்கம் ரோடு முழுக்கக் கத்திக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

"நான் பல் டாக்டர் ஆவணும்னு உனக்கு ஆசையே இல்லப்பா. ஆவப் போறான்னு ஊருக்கெல்லாம் சொல்லணும், அவ்ளோதான் உனக்கு! டீச்சரே கூப்ட்டாங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? வாயி, வாயி, எப்பப் பாரு வாயி. உன் வாய்தான் எஞ்சீட்டத் தின்னுடுச்சி!"

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திரும்பாமலே, "சொல்லுமா. இன்னும் சொல்லு" என்றார். அதற்குமேல் எனக்கு அழுகைதான் வந்தது.

பொது வரிசையில் போட்ட விண்ணப்பம் நாங்கள் நினைத்ததுபோலவே ஆயிற்று. என் முறை வருவதற்கு வெகுமுன்னாலேயே இடங்கள் தீர்ந்துவிட்டன. அரசுப் பள்ளி வரிசையில் சினேகாவுக்குச் சென்னையில் பல் மருத்துவ சீட்டு கிடைத்தது. என்னைவிட நாற்பது மார்க் கம்மி அவள். இதில் அவள்மேல் என்ன தப்பு? ஆனாலும் வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். லட்டு டப்பாவோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வாடி என்று நான்தான் இழுத்தேன்.

"எங்கப்பா ஒண்ணும் பொறுமைசாலி இல்லடி" என்றாள். "அவர்கிட்ட விக்கறதுக்கு மாடு இல்ல. இருந்திருந்தா நானும் உங்கூடத்தான் டை கட்டிக்கினு வந்திருப்பேன்."

அவள் சொன்னது நிஜம்தான். அதைக் கேட்டபிறகு அவள்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. லட்டைத்தான் தின்ன முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. எந்தப் பத்தாம் வகுப்பு மார்க்குக்காக இவ்வளவு கூத்தும் நடந்ததோ, அந்த மார்க்குக்கு சீட்டு கொடுக்கிற இடத்தில் மதிப்பே கிடையாது. நீட் மார்க் ஒன்றுதான் கணக்கு. அதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இந்த நேரம் பார்த்து வேங்கிக்காலில் அந்த ஸ்கூல்காரர்கள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நீட்டில் தேறிய எங்கள் மாணவி என்று என் படம், ஆள் உயரத்துக்கு. என் பாஸ்போர்ட் போட்டோவின் கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்பையோ ஒட்டி, வெள்ளைக் கோட்டு மாட்டி, ஸ்டெதஸ்கோப்பும் போட்டிருந்தார்கள். கூச்சமே இல்லை! முன்பென்றால் அப்பா அதன் கீழே நின்று போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருப்பார். சர்க்கரை வாங்கப் போனவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி, பட்டப்பகலில் கம்பத்தில் ஏறிக் கயிற்றை அறுத்திருக்கிறார். வாட்ச்மேன் ஓடிவந்து சத்தம் போட்டாராம். "எம் பொண்ணு படம். நான் எடுத்துக்கினு போறேன், போ" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சர்க்கரையை மறந்துவிட்டார்.

"ஏங்க இப்படி வம்ப வெலைக்கு வாங்குறீங்க?" என்று அம்மா கேட்கும்போதே அவர் மூங்கில் தேடப் போய்விட்டார்.

கடைக்கு முன்னால் பெஞ்சு போட்டிருக்கிற இடத்தில் வெயில் அடிக்கும். நான்கு மூங்கில் நட்டு, அந்த ஃப்ளெக்ஸை மேலே இழுத்துக் கட்டினார் அப்பா. என் முகம் என் கண்ணில் படக்கூடாதென்று படத்தை வானத்தைப் பார்க்கவைத்து, வெள்ளைப் பக்கத்தைக் கீழே விட்டுக் கட்டினார். ஆனால் உச்சி வெயிலில் எல்லாம் ஊடுருவித் தெரிகிறது. நிமிர்ந்தால் நான் சிரிக்கிறேன், கோட்டோடு. எழுத்து மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக மாறி இருக்கும். இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நான் இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வருஷம் நீட் மறுபடியும் எழுதுவேன். பொது வரிசைதான். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இனிமேல் அந்த வரிசைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் அம்மா மலை சுற்றிக்கொண்டு வந்தார். செருப்பில்லாத கால், தார் ரோட்டுச் சூடு தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டார். நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அட, இந்தப் பொண்ணுதானே அது! உங்க பொண்ணுங்களா? டாக்டருக்குப் படிக்குதா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றார். "பல் டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டிய பொண்ணு. மார்க்கெல்லாம் நல்லாத்தான் எடுத்துச்சி. பத்து நாள் பொறுத்திருந்தா போதும், சீட்டு கெடச்சிருக்கும். நான்தாங்க பொறுக்கல. நானே கெடுத்துட்டேன்."

இந்த மனுஷன் வாயை மூடமாட்டாரா என்று எத்தனையோ தடவை நான் நினைத்ததுண்டு. இப்போது, ஆமாங்க, படிக்குதுங்க என்று ஒரு பொய்யாவது சொல்லித் தொலையேன்ப்பா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கழுவின கிளாஸையே திரும்பக் கழுவினேன்.

"சக்கர கம்மியாங்க, ஜாஸ்தியாங்க?" என்று அப்பா அந்த அம்மாவைக் கேட்டார்.