மூன்று முறை அலசிய பாஸ்தா

மனைவிக்கு அன்று டியூட்டி. நர்ஸுகளுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? ஆகவே கல்யாணமான இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அவளுடைய பன்னிரண்டு வயது மகளும் அவரும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். மலைபோல் குவிந்த விரிப்புகளைக் கண்டு மிரளாத மனுஷன், அந்த ஒரு பெண்ணைக் கண்டு மிரண்டார்.

அவள் அவரிடம் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கோபம் என்று சொல்லிவிட முடியாது. புதிதாக வந்த ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட அந்தக் குழந்தைக்கு மனம் வரவில்லை. இன்றைக்காவது அவள் தன்னோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று காலைப் பிரார்த்தனையில் ஆண்டவனிடம் கேட்டிருந்தார். கேட்டதோடு நிற்காமல், அவளுக்குப் பிடிக்குமே என்று ஒரு பாக்கெட் பாஸ்தாவும் வாங்கி வந்திருந்தார்.

மனைவி போனில் சொல்லிக்கொடுத்தாள். "தக்காளிய கொதிக்கிற தண்ணியில போட்டெடுத்துத் தோலை உரிங்க. எண்ணெய்ல பூண்டு லேசா வதங்கினதும் மசிச்சு ஊத்தி, உப்புப் போடுங்க. அவ்வளவுதான். கைக்குக் கிடைச்சதையெல்லாம் கொட்டிடாதீங்க."

"பாஸ்தா வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாருங்க."

"எனக்கு எதையும் வெளுத்துத்தாம்மா பழக்கம், கடிச்சுப் பழக்கமில்ல."

"சமத்து! வார்டுல கூப்பிடறாங்க, வைக்கிறேன்."

தக்காளிச் சாறு சுண்டிச் சிவந்து, ஓரத்தில் எண்ணெய் விட்டது. வீடெல்லாம் மணம். பாஸ்தாவும் பதமாக வெந்தது. வடித்தெடுத்துத் தொட்டுப் பார்த்தார், வழவழவென்று கஞ்சி. அங்கேதான் இருபது வருடப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. குழாயடியில் வைத்து அலசினார். தண்ணீர் வெள்ளையாகப் போயிற்று. மறுபடி அலசினார். மூன்றாம் அலசலில் தண்ணீர் பளிங்காக ஓடியபோது அவருக்கு அப்படியொரு திருப்தி.

அந்தத் திருப்தி சாற்றை ஊற்றும் வரைதான். மழைக்கோட்டில் விழுந்த தூறல்போலச் சாறு வழுக்கிக்கொண்டு அடியில் போய்த் தேங்கியது. மேலே வெள்ளை வெளேரென்று பாஸ்தா சில்லிட்டுக் கிடந்தது.

"கழுவிட்டீங்களா?"

திரும்பினார். மணத்துக்கு எழுந்து வந்தவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"மூணு தடவை," என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல. "கஞ்சியா இருந்துச்சும்மா. கஞ்சி நின்னா வெறைச்சுப் போயிடுமே."

"அது சட்டைக்கு! இதுல அந்தக் கஞ்சிதான் சாஸைப் பிடிச்சு வைக்கும். அம்மா ஒரு கப் தண்ணி எடுத்து வைப்பாங்களே, பாத்ததில்லையா?"

அவர் முகம் வாடிவிட்டது. "பசியா இருப்பே. கடையில ஏதாவது வாங்கிட்டு வந்துடறேன்," என்று செருப்பைத் தேடினார்.

அப்போதுதான் அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள். தக்காளியை ஆறவிட்டு உரிக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பத்து விரல் நுனியும் கன்றிச் சிவந்திருந்தன.

"எங்கேயும் போகவேணாம்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பாக்கெட்ல இன்னும் கொஞ்சம் இருக்கில்ல? அடுப்பைப் பத்தவைங்க. நான் குழாய்கிட்ட நிக்கறேன். நீங்க இந்தப் பக்கம் வரவே கூடாது."

"சரிம்மா."

இரண்டாவது பாஸ்தா வெந்தது. அடியில் தேங்கியிருந்த சாற்றை அவள் சட்டிக்கு வடித்து, கலங்கலான அந்தத் தண்ணீரில் ஒரு கப்பை அதில் விட்டு, பாஸ்தாவைப் போட்டுப் புரட்டினாள். சாறு கெட்டியாகி, ஒவ்வோர் இழையிலும் சிவப்பாய் ஒட்டிக்கொண்டது. ஆனால் இருந்ததே ஒரு பிடிதான், ஒருவருக்குத்தான் காணும்.

அதை முழுதும் அவள் தட்டில் வைத்துவிட்டு, அலசியதைத் தனக்கு எடுத்துக்கொண்டார். "எனக்கு இது போதும். நீ உள்ளே போய் நிம்மதியா சாப்பிடு," என்றார்.

அவள் தன் தட்டில் பாதியை அவர் தட்டில் தள்ளினாள். அவருடைய சில்லிட்ட பாஸ்தாவில் பாதியைத் தன் பக்கம் வாரிக்கொண்டாள். பிறகு அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க," என்றாள். "ஆறிடப் போகுது."