தேய்க்காத விளிம்பு

காலை பத்தேகாலுக்குப் பெரியப்பா நாலாவது தடவையாகக் கடைக்குள் நுழைந்தார். பல்செட்டு கைக்குட்டைக்குள் இருந்தது.

பல்செட்டு செய்பவனுக்கு அந்த வாயை நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அக்காவுக்குப் பேசி முடித்த இடத்தில் போய், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று சொன்ன வாய். அக்காவுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. அதற்குப் பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. இப்போது அவள் பின்னறையில் அச்சுக்கு மாவு குழைக்கிறாள். பெரியப்பா வந்தால் வெளியே தலைகாட்டமாட்டாள்.

வெளியாளிடம் பொக்கை வாயைக் காட்டக் கூச்சம் என்று பெரியப்பா இவனிடமே வந்தார். அவன் செய்து கொடுத்த செட்டு உறுத்திப் புண் வந்துவிட்டது என்றார்.

அதற்கு ஒரு வழி உண்டு. புண்ணின்மேல் மைப்பென்சிலால் தொட்டு, செட்டை மாட்டி எடுத்தால் குறி செட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் புண் ஆறிவிடும். மூன்று தடவையும் அவன் குறி எடுத்தான். மூன்று தடவையும் அரை விரற்கடை தள்ளித் தேய்த்தான்.

பெரியப்பா செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் போனார். பேச்சில் பாதி காற்றாகப் போனது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று அவன் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டான்.

அக்கா ஒருநாள் அந்தச் செட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"குறி இங்க இருக்கு. நீ எங்கேயோ தேய்ச்சிருக்கியே?"

அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கழுவினான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

இன்று பெரியப்பா நாற்காலியில் சாய்ந்தார். மகள் வீட்டுக்குப் போனபோது செட்டைத் தன் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாராம். இருபத்தைந்து நாளாக மாட்டவே இல்லையாம்.

அவன் விளக்கைத் தாழ்த்தி, கன்னத்தை விலக்கினான். ஆறியிருக்க வேண்டிய புண் பெரிதாகியிருந்தது. ஓரம் வெளுத்துத் தடித்திருந்தது. உறை போட்ட விரலால் அழுத்தினான். காய்ந்த பிசின் மாதிரி கெட்டி. பெரியப்பா முகம் சுளிக்கவில்லை.

செட்டு மாட்டாமலும் ஆறாத புண் செட்டால் வந்ததல்ல. அது அவனுக்குத் தெரியும். சரியான இடத்தில் தேய்த்திருந்தால், அப்போதும் ஆறாததை வைத்து முதல் மாதமே தெரிந்திருக்கும். மூன்று மாதமாக எல்லாரும் செட்டைத்தான் குறை சொன்னார்கள். அவனும் சேர்ந்து சொன்னான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதலாம். எழுதாமல் இன்னும் கொஞ்சம் தேய்த்தும் அனுப்பலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு பொய் போதும். அன்றைக்குப் பெரியப்பாவுக்கும் ஒன்றுதான் தேவைப்பட்டது.

அவன் பென்சிலை எடுத்தான். பின்னறையில் மாவு குழைக்கும் சத்தம் நின்றிருந்தது.

பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு குழறினார்.

"இப்போ வலியே இல்லடா. உன் பெரியம்மாதான் டாக்டர்கிட்ட போ, போன்னு உயிரை எடுக்கிறா. நாலு தடவை பாத்தவன் நீ. நீயே சொல்லு, போகணுமா, வேண்டாமா?"