மடித்துப் பிடித்த துப்பாக்கி

அந்த வாரத்தில் நான்காவது முறையாக ஆர்லின் லவோனின் கடைக்குள் நுழைந்தான். பெயருக்குத்தான் இரும்புக்கடை, ஆணி வாங்க வருகிறவர்களைவிடத் துப்பாக்கி பார்க்க வருகிறவர்களே அதிகம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் அக்டோபர் பிறந்தால் அப்படித்தான். சனிக்கிழமை ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டை தொடங்குகிறது. இவனோ இன்னும் துப்பாக்கியே வாங்கியபாடில்லை.

மேலொன்று கீழொன்றாகக் குழல் வைத்த, நடுவில் மடித்துத் திறந்தால் வெடிக்கவே முடியாத துப்பாக்கிதான் வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். லவோன் மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்து இறக்கினான். அடுத்ததை எடுத்தான். முதலாவதற்கே திரும்பினான். ஜன்னல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தான். இருப்புக் கொள்ளவில்லை.

"இது எடை கம்மி. நாள் பூரா நடந்தாலும் கை வலிக்காது," என்றாள் லவோன்.

"வலிச்சா வலிக்கட்டும். நீ அந்த பெயின்ட் டப்பா பக்கம் போய் நில்லு. மடிச்சுக் கையில போட்டுக்கோ."

"எதுக்கு?"

"தெறந்திருக்கறது இங்கேர்ந்து தெரியுதான்னு பாக்கணும்."

அவள் சிரிக்க வாய் திறந்தாள், சிரிக்கவில்லை. அவனுடைய வேட்டைக் கூட்டாளி டெல்மரின் மனைவி ஆயிற்றே.

போன வருஷம் கடைசி நாள் வேட்டையில், உறைந்த மண்ணில் ஆர்லின் சறுக்கி விழுந்தான். கையிலிருந்த பழைய துப்பாக்கி வெடித்தது. டெல்மரின் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண் பறந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊர் மறந்துவிட்டது. டெல்மர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. முப்பது வருஷம் பக்கத்தில் நடந்தவன், முழங்கால் வலி, இனி வேட்டைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

லவோன் கடைக்கோடியில் நின்று ஒவ்வொன்றாக மடித்துக் காட்டினாள்.

"அவருக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு. நேத்துக்கூடக் கூரை மேல ஏறினாரு," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியும்."

"கனமானதையே எடுத்துக்கோ. மடிச்சா இதுதான் பளிச்சுன்னு தெரியுது. சொல்லிப் பாக்கறேன் அவர்கிட்ட."

சனிக்கிழமை டெல்மர் வந்துவிட்டான். ஆனால் நாற்பதடி தள்ளி நடந்தான். ஆர்லின் துப்பாக்கியை மடித்துக் கையில் தொங்கவிட்டபடி புல்லுக்குள் போனான். காலடியில் ஒரு ஃபெசன்ட் சேவல் எழுந்து பறந்தது. அவன் அசையவில்லை. இன்னொன்று எழுந்தது. அதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

டெல்மர் நேராக அவனிடம் வந்தான்.

"தோட்டா எங்க?"

"பையில."

"பையில இருக்கற தோட்டாவுக்குக் கோழி சாகுமா? போட்டு மூடு."

"நீ தள்ளிப் போ. மூடறேன்."

"நான் இங்கதான் நடப்பேன். மூடுடா."

ஆர்லின் பையில் கைவிட்டான். இரண்டு தோட்டாக்களையும் போட்டு, குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்து, மூடினான். மூடிய அந்த 'டக்' சத்தத்துக்கே டெல்மரின் உடம்பு ஒருமுறை துள்ளியது. கால் மட்டும் நகரவில்லை.