ஏழாம் நம்பர் வேம்பு

சாயல்குடி ரோட்டில், நரிப்பொட்டலுக்குப் பிரிகிற விலக்கில், ரோட்டுக்குக் கிழக்கே மொத்தம் பதினொரு மரங்கள். ஆறு புளி, ஐந்து வேம்பு. அதைத் தாண்டினால் கடல் வரைக்கும் சீமைக்கருவேலம்தான். அதை அந்த ஊரில் யாரும் மரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஓவர்சியர் சேதுபதி ஒருநாள் வந்து இறங்கினார். பதினொன்றின் இடுப்பிலும் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் எழுதினார். சண்முகவள்ளியின் டீக்கடைக்குக் கூரை மாதிரி நின்ற வேம்புக்கு ஏழாம் நம்பர் கிடைத்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வேம்பு முழங்கால் உயரத்தில் தானாக முளைத்து நின்றபோது, ஆடு கடிக்காமல் முள் வைத்து அடைத்தவள் சண்முகவள்ளி. கிளாஸ் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றியே அதை ஆளாக்கினாள். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீரை மரத்துக்கு ஊற்றினால் கட்டினவனே கோபித்துக்கொள்வான். கட்டினவன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது, மரம் நிற்கிறது. அதை வெட்டப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு மூன்று பேருக்குச் சீனி போடாமல் டீ கொடுத்தாள். மூன்று பேரும் அப்படியே குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து கீர்த்தனி வந்தாள். ஓவியக் கல்லூரியில் படிக்கிற பெண். மரங்களுக்கெல்லாம் முகம் வரைவது அவள் திட்டம். முகம் இருக்கிற ஒன்றை வெட்ட மனிதனுக்கு மனசு வராதாம். அடியில் 'என்னை வெட்டாதே' என்று எழுதிவிட்டால் ரோட்டில் போகிற நாலு பேருக்கும் புத்தி வருமாம். மனிதர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஊர்ப் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுண்ணாம்பு, காவி, கரி எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் திரண்டுவிட்டார்கள்.

முதலாம் நம்பர் புளியமரத்தில் நெற்றி, மூக்கு, வாய், பெரிய மீசை எல்லாம் வரைந்து முடித்த பிறகு, கடைசியாகக் கீர்த்தனி கண்ணை வைத்தாள். கண்ணைக் கடைசியில் வைப்பது படம் வரைகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில் கண்ணைக் கடைசியில் வைக்கிற ஆள் ஒருத்தர்தான்: சாமி சிலையும் மண்குதிரையும் செய்கிற வேளார். அவர் கண் வைக்கிறவரை அது மண். கண் வைத்துவிட்டால், பெண்கள் குலவை போட, எதிரே ஒரு சேவல் பலியாக, அது சாமி.

வேடிக்கை பார்த்த பெண்கள், ஒரு சந்தோஷத்தில், குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டு, அவர்களில் ஒருத்தியான பிச்சையம்மாளின் சேவல் ரோட்டில் பாய்ந்தது. சரியாக அந்த நேரத்துக்குத்தான் மினி பஸ் வந்தது.

பஸ்ஸை மறித்து டிரைவரின் ஏழு தலைமுறையையும் ஏசுவதற்குக் கொண்டையை அள்ளி முடிந்த பிச்சையம்மாள், மரத்தின் கண்ணைப் பார்த்தாள். கையை இறக்கினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டிரைவரும் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கூட்டத்தில் நின்ற வேளார் மட்டும் தன் தொழிலை இன்னொருத்தர் பார்த்துவிட்ட எரிச்சலில், "எல்லாம் முறையாத்தான் நடந்திருக்கு" என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

"என்னக்கா நடந்தது?" என்று கீர்த்தனி சண்முகவள்ளியிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி. புளியமரம் சாமியாயிருச்சு."

அதற்கப்புறம் ஊர் கீர்த்தனியைச் சும்மா விடவில்லை. ஒன்றுக்குக் கண் திறந்துவிட்டு மற்றதை அம்போவென்று விட்டால் குற்றமாகிவிடும் என்று ஒவ்வொரு மரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஆறாம் நம்பர் முடிந்து ஏழுக்கு வந்தார்கள். மூக்கும் வாயும் வரைந்தாகிவிட்டது. கண்ணுக்குப் பிரஷ்ஷைத் தூக்கும்போது சண்முகவள்ளி அவள் கையைப் பிடித்தாள்.

"இதுக்கு வேணாம்."

"ஏனக்கா?"

"கண்ணு வெச்சா சாமி. சாமிக்கடியில எச்சில் கிளாஸ் கழுவ முடியுமா? அங்கன உக்காந்து எவனாவது பீடி குடிக்க முடியுமா? கடையத் தூக்கணும். நான் எங்க போறது?"

அவள் சொன்னதும் நியாயம்தான். அதனால் ஏழாம் நம்பர் வேம்பு மட்டும் மூக்கும் வாயுமாக, கண் இல்லாமல் நின்றது. ஊர்க்காரர்கள் அதற்குக் 'குருட்டு வேம்பு' என்று பெயர் வைத்தார்கள். சண்முகவள்ளிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. சொன்னவர்களுக்குப் பால் குறைத்து டீ போட்டாள்.

ஒரே வாரத்தில் நரிப்பொட்டல் உருமாறிப்போனது. நாலாம் நம்பரின் பார்வை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் விழுந்ததால், அவர் வாசலை அடைத்துவிட்டுப் பின்பக்கமாகப் புழங்க ஆரம்பித்தார். ஆறாம் நம்பர் அதற்குப் பக்கத்து ரேஷன் கடையை முறைத்துக்கொண்டிருந்ததால் அரிசி எடை சரியாக வந்தது. சரியான எடையைப் பார்த்து ஜனங்கள் பயந்து போனார்கள். பஸ்காரர்கள் விலக்கு வந்ததும் பாட்டை நிறுத்தினார்கள். குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடம் வைத்து இரண்டு மைல் தள்ளுகிற ஊரில், பத்து மரங்களுக்கும் காலையும் மாலையும் குடம் குடமாக அபிஷேகம் நடந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தங்கப்பாண்டி மர அறுவை மெஷினோடு வந்தான். அறுப்புக் குத்தகை எடுத்தவன் அவன். முதலாம் நம்பரிடம் போனவன் மெஷினைக் கீழே வைத்தான். வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டான். மெஷினுக்கு ஒரு பொட்டும் வைத்தான். பின்னாலேயே வந்த ஓவர்சியருக்கு இது தாங்கவில்லை.

"ஏலே, அறுக்கப் போறியா, அர்ச்சனை பண்ணப் போறியா?"

"சார், கண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு சார். நான் புள்ளகுட்டிக்காரன்."

"அப்ப வேலை ஆரம்பிச்சாச்சுன்னு நான் எப்படி எழுதுறது? ஒண்ணையாவது சாய்ச்சாத்தானே எழுத முடியும்?"

தங்கப்பாண்டி ரோட்டோரமாக ஒரு நடை போய்விட்டு வந்தான். ஏழாம் நம்பருக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தான். "இதுக்குக் கண்ணில்ல சார். கடை ஒதுங்கட்டும், நாளைக்குக் காலைல வாரேன்."

சண்முகவள்ளியின் கையிலிருந்த டீ ஆற்றுகிற குவளை அப்படியே நின்றது. தன் மரத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டாள். எல்லா மரத்துக்கும் கண் வரைந்தபோது, தன் அடுப்பை நினைத்து இதற்கு மட்டும் வேண்டாம் என்றவள் அவள்தான். ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. பெஞ்சில் ஐந்து பேர் டீக்குக் காத்திருந்ததால் அழவில்லை.

சாயங்காலம் அடுப்பை அணைத்தாள். பாய்லர், பெஞ்சு, பிஸ்கட் பாட்டில்கள், ஸ்டாண்டோடு கிளாஸ்கள், தகரம் அடித்த மேசை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி ரோட்டுக்கு மேற்கே, மொட்டை வெயில் அடிக்கிற பொட்டலில் கொண்டுபோய் வைத்தாள். யார் உதவிக்கு வந்தாலும் வேண்டாம் என்றாள். வேம்படியைக் கூட்டித் தெளித்தாள். பத்தொன்பது வருஷத்து டீத்தூள் கறையும் பீடித் துண்டும் அத்தனை சீக்கிரம் போகவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த கீர்த்தனியை எழுப்பினாள். "பிரஷ்ஷ எடு தாயி. நான்தான் வைப்பேன்."

"ஓம் அக்கா, வையுங்கோ" என்று அவள் கரியையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடுத்தாள்.

அதற்குள் ஊரே கூடிவிட்டது. வேளாருக்கு இந்த முறையாவது முறைப்படி நடக்க வேண்டும் என்று ஆசை. "கண்ணு முழிக்கிறப்ப மொதப் பார்வைய எதிர்ல நிக்கிறவுக தாங்க மாட்டாக. கண்ணாடியக் காட்டிட்டு நீ பக்கத்துல ஒதுங்கிரணும்" என்றார். கண்ணாடிக்கு ஆள் ஓடியது. சண்முகவள்ளி காத்திருக்கவில்லை. அவள் படம் வரைந்தது ஒன்றாம் வகுப்பில் ஒரு மாம்பழம். அதோடு சரி. ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் வந்தது. கடைசிப் புள்ளி வைத்ததும் குலவை எழுந்தது.

"ஒதுங்குடி!" என்று பிச்சையம்மாள் கத்தினாள்.

அவள் ஒதுங்கவில்லை. நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில் நின்றாள். "பாக்கட்டும். இவ்வளவு நாளா யாரு தண்ணி ஊத்துனான்னு அதுக்குத் தெரிய வேணாமா?" என்றாள். மரம் பெரிய கண்ணால் அவளையும் சின்னக் கண்ணால் சாயல்குடியையும் பார்த்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேளாருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

எட்டு மணிக்கு வந்த தங்கப்பாண்டி இறங்கவே இல்லை. வண்டியில் இருந்தபடியே கும்பிட்டுவிட்டுத் திருப்பிக்கொண்டு போனான். பின்னாலேயே வந்த ஓவர்சியர் நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். பெருமூச்சு விட்டார்.

"கெழக்க பதினொண்ணும் சாமி. ஒண்ணும் செய்ய ஏலாது. அப்ப ரோட்ட மேக்க அகலப்படுத்த வேண்டியதுதான்."

பெயிண்ட் டப்பாவோடு ரோட்டைக் கடந்தார். மேற்கே அகற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தார். பொட்டலில் இருந்தது ஒரே ஒரு டீக்கடை; சண்முகவள்ளி அப்போதுதான் அங்கே அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். மேசைத் தகரத்தில் பொறுமையாக வெள்ளைப் பெயிண்டால் '1' என்று எழுதினார். எழுதிவிட்டு, "ஒரு டீம்மா, சீனி கம்மியா" என்றார்.

சண்முகவள்ளி அந்த நம்பரைப் பார்த்தாள். ஓவர்சியரைப் பார்த்தாள். டீயைப் போட்டுக் கையில் கொடுத்தாள். பிறகு ரோட்டுக்கு எதிரே பார்த்து, "தாயி, அந்தப் பிரஷ் காஞ்சிருச்சா?" என்று கூப்பிட்டாள்.

கீர்த்தனி ஓடி வந்தாள். "நீங்களே வரையுறீங்களா அக்கா?"

"இல்ல, நீயே வரை. எனக்குக் கை கோணல்."

"எங்கே பார்க்கிற மாதிரி?"

"நேரா. ஏழாம் நம்பரப் பாக்குற மாதிரி."

தகரத்தில் ஒன்றாம் நம்பருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கண்கள் விழித்தன. நம்பரே மூக்காகிவிட்டது. கிழக்கே கூடி நின்ற பெண்கள் என்ன ஏதென்று கேட்காமல் குலவை போட்டார்கள். இரண்டு பார்வைக்கும் நடுவில் டீயோடு நின்ற ஓவர்சியர் பதறி விலகியதில் பாதி டீ சட்டையில் போயிற்று.

"ஏம்மா, இது என்ன சாமி?"

"கேட்டுத்தான் சொல்லணும். செருப்பக் கழட்டிட்டுக் குடிங்க சார்."

அவர் ஷூவைக் கழற்றினார். "சாக்ஸுமா?"

"சாக்ஸும்தான்."

வேளார் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "சாமியாயிருச்சே, இனிமே எச்சில் கிளாஸ எங்கன கழுவுவ?"

"இது டீக்கடைச் சாமி. எச்சில் கிளாஸுக்கெல்லாம் கோவிச்சா எப்படிப் பொழைக்கும்?" என்றாள்.

கிளாஸ் கழுவிய தண்ணீரை இனி சாமியாகிவிட்ட வேம்புக்கு ஊற்ற முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீக்கென்று வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். காலை வெயிலில் வேம்பின் நிழல் மேற்கே நீண்டு, ரோட்டைத் தாண்டி, அவள் அடுப்பு வரைக்கும் வந்திருந்தது. பெரிய கண் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. முழுக் குடத்தையும் அதன் வேரில் ஊற்றினாள். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.