தெருவில் கிடந்த வீடு

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய கார் நிற்பதற்குள் வெர்லீன் கதவைத் திறந்துவிட்டாள். நடைபாதைப் பனியில் அப்பாவின் வீடு கிடந்தது. சோபா, ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை, மெத்தை. கோர்ட்டு உத்தரவோடு வந்த ஷெரீஃபின் ஆட்கள் இருவர் கடைசி நாற்காலியை இறக்கிவிட்டு வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

"இன்னிக்கேவா?" என்றாள் வெர்லீன்.

"தேதிய நாங்க போடறதில்ல," என்றான் ஒருவன், முகம் பார்க்காமல்.

சிகாகோவின் இந்தத் தெருவில் கறுப்பர்களுக்கு எந்த வங்கியும் வீட்டுக்கடன் தந்ததில்லை. கிரெனிக் என்ற வெள்ளைக்காரர் தான் வாங்கியதைப் போல இருமடங்கு விலைக்கு, மாதத் தவணையில் வீடுகளை விற்றார். ஒரு தவணை தவறினாலும் வீடு அவருக்கே திரும்பிவிடும், கட்டியதெல்லாம் போய்விடும். பதினோரு வருடம் தவணை கட்டிய அப்பா கிளியோட்டிஸ் ஹார்க்ரோவ் கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்; அந்தத் தவணை தவறியது.

வெர்லீன் அம்மாவின் தோளைத் தொட்டாள். "என்கூட வந்துடும்மா. என் ஃபிளாட்ல இடம் இருக்கு."

அம்மா ஒடெஸா தொப்பியைக் கழற்றிக் காருக்குள் வைத்தாள். சாமான்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷெரீஃப் வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"டீக்கன்," என்று சர்ச்சுப் பொறுப்பாளர் மோஸ்லியைக் கூப்பிட்டாள். "மேசைய மொதல்ல உள்ள கொண்டுபோங்க. ஜனங்க சாப்பிட வருவாங்க."

மோஸ்லி பூட்டை நெம்பி உடைத்தார். சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரும் வெள்ளைக் கையுறைகளைக்கூடக் கழற்றாமல் சாமான்களைத் தூக்கினார்கள்.

"கிளியோட்டிஸே தேவலப்பா," என்று ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒருவர் முனகினார். "முரண்டு பிடிக்காம வந்தான்."

பக்கத்து வீட்டு யூலா பொரித்த கோழித் தட்டோடு வந்தாள். "பனிக்காலத்துல தெருவுல ஒத்த நாற்காலி போட்டாலே, கார் நிறுத்துற அந்த இடம் நம்மளுதுன்னு இந்த ஊரு வழக்கம். இவனுங்க மொத்த வீட்டையும் போட்டிருக்கானுங்க. இனி தெருவே ஒடெஸாவுக்குத்தான்!"

சிரித்தார்கள். அம்மாவும்.

"திரும்ப வருவாங்கம்மா," என்றாள் வெர்லீன்.

"வரட்டும். அவங்க வெளிய வைப்பாங்க. நாம உள்ள வைப்போம்."

"எத்தன தடவ?"

"அவங்க சம்பளத்துக்குத் தூக்கறவங்க. மொதல்ல முதுகு வலிக்கப்போறது அவங்களுக்குத்தான்."

வெர்லீன் குதிகால் உயர்ந்த செருப்பை உதறிவிட்டு, காலுறையோடு பனியில் இறங்கினாள்.

மெத்தை மட்டும் மிச்சமிருந்தது. அதில் அப்பா படுக்கும் பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தை அம்மா பிடித்துக்கொண்டாள். மறுபக்கத்தை வெர்லீன் பிடித்தாள். வாசலில் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருந்தது.