மாப்பிள்ளையின் நெஞ்சு முடி

எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து இறங்கியது விமானத்தின் சரக்குப் பகுதியில், ஒரு பிளாஸ்டிக் கூண்டுக்குள். கூடவே இரண்டு பெண் பூனைகள். மூன்றுக்கும் வெள்ளை உடம்பு, சாம்பல் காது, சாம்பல் வால். அதற்கு முன் இந்த நாட்டில் அந்த இனத்தில் ஒரு பூனைகூடக் கிடையாது. கூண்டைத் திறந்ததும் பெண்கள் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தன. ஆண் மட்டும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

"மாப்பிள்ளை முறுக்கைப் பாரேன்" என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அக்கா என்னிடம், "உன் மச்சானுக்குத் தண்ணி வெச்சியாடா?" என்றுதான் கேட்பாள்.

அக்கா அழகு நிலையம் வைத்திருக்கிறாள். இருபத்தைந்து வருடம் ஊரார் தலையைச் சீவிக்கொண்டு நின்றவளுக்கு இருந்தது ஒரே ஆசை. இந்தப் பூனை இந்த நாட்டில் ஓர் இனமாக நிலைக்க வேண்டும், பூனைச் சங்கத்தின் பதிவேட்டில் அதன் பெயர் ஏற வேண்டும். நான் ஏசி மெக்கானிக். மாடியில் குடியிருக்கும் தண்டச்சோறு என்பது அவள் கணக்கு. பூனை அறையை இருபத்தாறு டிகிரியில் வைத்திருப்பது மட்டும் என் பொறுப்பு. ஏனென்றால் இந்தப் பூனைக்கு உடம்பில் குளிர் பட்ட இடமெல்லாம் முடி கறுத்துவிடும்.

சங்கத்தின் விதியோ பொல்லாதது. கலப்பில்லாமல் மூன்று தலைமுறை காட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு கண்காட்சி, ஆக மூன்று கண்காட்சி. மூன்றிலும் முதல் ஆணும் கூடவே நிற்க வேண்டும். அதன் நெஞ்சில் ஒரு கறுத்த முடி இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பூனைகளைப் பார்க்கும் டாக்டரம்மா முதல் வாரமே சொன்னார். "வருஷத்துக்கு ஒரு தடவை ஹார்ட் ஸ்கேன் எடுத்துடுங்க. இப்ப நல்லாதான் இருக்கு. சிலதுக்கு அஞ்சு வயசுக்கு மேலதான் தெரியவரும். முடி ரொம்ப அடர்த்தி, நெஞ்சுல கொஞ்சம் மழிக்க வேண்டியிருக்கும்."

"மழிச்ச இடம் கறுப்பா முளைக்குமே?"

"முளைக்கும். ஒரு வருஷத்துல வெளுத்துடும்."

"அப்ப கண்காட்சி முடியட்டும்" என்றாள் அக்கா.

கண்காட்சி முடிந்தது. அடுத்த கண்காட்சி வந்தது. நான் நினைவுபடுத்தினால் சீப்பை நீட்டிக்கொண்டு சண்டைக்கு வருவாள். "முடி விஷயம் எனக்குச் சொல்லித் தர்றியா? ஒரு தடவை கத்தி பட்டா அந்த இடம் பழையபடி ஆகவே ஆகாது. டாக்டரம்மாவுக்கு நெஞ்சு தெரியும், முடி தெரியாது."

நானும் விட்டுவிட்டேன். வீடு வீடாகப் போய், "வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் பண்றதுக்கு என்ன கேடு?" என்று எரிந்து விழுகிறவன் நான். என் வீட்டில் வாயை மூடிக்கொண்டு ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை என் கருவிப் பையின் மேல் ஏறித் தூங்கும். குட்டி மேல் குட்டியாகப் பெருகியது. ஏழு வருடத்தில் நாற்பத்து மூன்று பூனைகள், பத்தொன்பது வீடுகள். எல்லாம் மாப்பிள்ளையின் ரத்தம்.

கடைசிக் கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மாப்பிள்ளையின் பேரன் ஒன்று ஃப்ரிட்ஜ் மேலிருந்து குதித்தது. நான்கு வயசு, தினம் குதிக்கிற இடம்தான். தரையில் கால் ஊன்றியது, இரண்டடி நடந்தது, படுத்துவிட்டது. அக்கா தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டரம்மா ஃபோனில் அதட்டினார். "எல்லாத்தையும் இந்த வாரமே கொண்டு வாங்க."

"கால் பிசகி விழுந்துடுச்சு டாக்டர். கண்காட்சி முடிஞ்ச மறுநாளே வர்றோம்" என்றாள் அக்கா. ஃபோனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதாவது மச்சானைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அவள் ஏழு வருடக் கனவுக்கு நான் குறுக்கே நிற்பதா என்று நினைத்தேன். கோழைத்தனத்துக்கு நான் வைத்த பெயர் அது.

கண்காட்சியில் மூன்று நடுவர்கள் மாப்பிள்ளையின் நெஞ்சை விளக்குக்கடியில் ஊதி ஊதிப் பார்த்தார்கள். ஒரு கறுத்த முடிகூட இல்லை. பதிவேட்டில் இனத்தின் பெயர் ஏறியது. அக்கா மேடையிலேயே உட்கார்ந்து விசும்பினாள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

மறுநாள் மாப்பிள்ளையை மேசையில் படுக்கவைத்து டாக்டரம்மா நெஞ்சை மழித்தார். உதிர்ந்த வெள்ளை முடியை அக்கா கையில் பிடித்துக்கொண்டாள். திரையில் என்னமோ துடித்தது. எனக்கு அது புரியாது, டாக்டரம்மாவின் முகம் புரிந்தது.

"ஹார்ட்டோட சுவர் தடிச்சுப் போயிருக்கு. இது பரம்பரையா வர்றது." வீட்டிலிருந்த மற்ற எட்டையும் பார்த்தார். ஆறுக்கு அதே. "மிச்சத்துக்கும் நாளைக்கு வராதுன்னு சொல்ல முடியாது. இனி எதையும் ஜோடி சேர்க்காதீங்க. எல்லா வீட்டுக்கும் சொல்லிடுங்க, கருத்தடை ஆபரேஷன் பண்ணிடணும்."

"வேற ஆண் கொண்டு வந்தா?" என்று கேட்டேன்.

"எங்கேருந்து? இது வந்த நாட்டுலயே இந்த இனம் அழியுதுன்னு வெளியே அனுப்பறதை நிறுத்திட்டாங்களே. வேற இனத்தோட சேர்த்தா உங்க பதிவு போயிடும்."

"அப்ப எங்க இனம்?" என்றாள் அக்கா.

"இருக்கிறது இருக்கிற வரைக்கும் இருக்கும்."

வீட்டுக்கு வந்து, குட்டி வாங்கியவர்களின் ஃபோன் எண்கள் எழுதிய நோட்டை எடுத்தோம். முதல் பெயர் டீச்சருடையது. பக்கத்துத் தெருக்காரர், முதல் குட்டி வாங்கியவர். அக்கா எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். அவர் போட்ட சந்தோஷக் கூச்சல் எனக்கே கேட்டது.

"நூறு ஆயுசு உங்களுக்கு! இப்பதான் கூப்பிட நினைச்சேன். காலையில அஞ்சு குட்டி! அஞ்சும் வெள்ளை வெளேர்னு இருக்கு!"

"நெஞ்சு?" என்றாள் அக்கா. ஏழு வருடப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அப்படியே மாப்பிள்ளைதான்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபோன் என் பக்கம் நீண்டது. மழித்த நெஞ்சோடு என் பையின் மேல் மச்சான் தூங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்காக ஃபோனை வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஐந்து குட்டிகளும் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.